5,000 டாலர் கைமுதல், 15 டாலர் டேபிள்: பிளாக்ஜாக்கில் பந்தயத்தை எப்படி ஏற்றுவது?

கார்த்தி_பீனிக்ஸ்

எட்டு மாதமாக ஹை-லோ (விழும் சின்னச் சீட்டுக்கு +1, பெரிய சீட்டுக்கு -1 என்று எண்ணும் முறை) பழகுகிறேன். சாப்பாட்டு மேஜையில் ஒரு சீட்டுக்கட்டை விரித்தால் 30 விநாடிக்குள் எண்ணி முடித்துவிடுவேன், கடைசிச் சீட்டில் பூஜ்யத்தில் வந்து நிற்கும். பேசிக் ஸ்ட்ராட்டஜி (எந்தக் கைக்கு எப்படி ஆடுவது என்ற அட்டவணை) தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எண்ணுவதில் சிக்கல் இல்லை, எவ்வளவு வைப்பது என்பதில்தான் குழப்பம்.

போன வாரக் கடைசியில் பீனிக்ஸிலிருந்து ஐந்து மணி நேரம் கார் ஓட்டி லாஸ் வேகஸ் போனேன். இதற்கென்று தனியாகச் சேர்த்த பணம் 5,000 டாலர், வீட்டுச் செலவில் கை வைக்கவில்லை, மனைவிக்கும் தெரியும். 6 கட்டு ஷூ (சீட்டு எடுத்துப் போடும் பெட்டி), குறைந்தபட்சப் பந்தயம் 15 டாலர், பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே 21) விழுந்தால் 3க்கு 2 தருகிறார்கள். டீலர் சாஃப்ட் 17ல் (ஆஸை 11 என்று எண்ணி வரும் 17) இன்னொரு சீட்டு எடுப்பார், ஜோடியைப் பிரித்த பிறகு டபுள் (பந்தயத்தை இரட்டித்து ஒரே சீட்டு வாங்குவது) பண்ணலாம், சரண்டர் (பாதிப் பந்தயத்தை விட்டுக் கையைக் கைவிடுவது) கிடையாது. மறுபடி கலைக்க வேண்டிய இடத்தைக் காட்டும் வெட்டுச் சீட்டை ஏறக்குறைய ஒன்றரைக் கட்டு விட்டு வைக்கிறார்கள்.

என் முறை இதுதான்: எண்ணிக்கை பூஜ்யம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் 15 டாலர். +2 என்றால் 30, +3 என்றால் 45, இப்படி எண்ணிக்கை எவ்வளவோ அத்தனை பதினைந்து. 150க்கு மேல் போகமாட்டேன். இரண்டு நாளில் ஒன்பது மணி நேரம் ஆடி 1,400 டாலர் தோற்றேன்.

ஒரு கை மட்டும் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. எண்ணிக்கை +9, ஆடி முடித்த சீட்டைப் போடும் பக்கத்துத் தட்டில் ஒன்றரைக் கட்டு விழுந்திருந்தது, 135 டாலர் வைத்தேன். எனக்கு இரண்டு 8, டீலருக்கு மேலே 6. பிரித்தேன். முதல் 8க்கு ஒரு 3 வந்தது, டபுள் செய்தேன். ஆக 405 டாலர் மேஜையில். டீலர் கீழ்ச்சீட்டைத் திருப்பினார், 5. அடுத்து ராஜா. 21. சிப்பை அள்ளிக்கொண்டு போகும்போது கை நடுங்கியது, அடுத்த இரண்டு கை என்ன விழுந்தது என்றே எண்ணவில்லை.

என் கேள்வி: 15லிருந்து 150 வரை ஏற்றுவது என் முதலுக்கு அதிகமா? குறைத்து 75 வரை மட்டும் வைக்கலாமா? இல்லை, முறை சரிதான், நேரம்தான் சரியில்லையா? (தோற்றால் அடுத்த கைக்கு இரட்டிப்பாக வை என்று நண்பன் ஒருவன் சொல்கிறான். அது வேலைக்காகாது என்று தெரியும், அதற்குப் பதில் வேண்டாம்.)

பழைய_ஷூ

கார்த்தி, அந்த 8, 8 கையில் நீங்கள் ஆடியது அத்தனையும் சரி. பிரித்ததும் சரி, 11ல் டபுள் செய்ததும் சரி. தப்பு சீட்டு வருவதற்கு முன்பே நடந்துவிட்டது, 135 வைத்ததுதான் தப்பு.

நீங்கள் ரன்னிங் கவுண்டை, அதாவது மொத்த எண்ணிக்கையை, பார்த்துப் பந்தயம் வைக்கிறீர்கள். மிச்சமிருக்கும் கட்டுகளால் அதை வகுக்கவில்லை. +9, தட்டில் ஒன்றரைக் கட்டு, அப்படியானால் ஷூவில் இன்னும் நாலரைக் கட்டு இருக்கிறது. 9ஐ 4.5ஆல் வகுத்தால் 2. உங்கள் ட்ரூ கவுண்ட் +2, அவ்வளவுதான். இதே ஷூவில் கடைசியில் இரண்டு கட்டு மிச்சமிருக்கும்போது ரன்னிங் +8 வந்திருந்தால் ட்ரூ +4, சாதகம் இரண்டு மடங்குக்கும் மேலே, ஆனால் உங்கள் முறைப்படி 120தான் வைத்திருப்பீர்கள். குறைந்த சாதகத்துக்கு 135, பெரிய சாதகத்துக்கு 120. தலைகீழாகப் போயிருக்கிறது. எட்டு மாதம் உழைத்து எண்ணப் பழகிய ஆள் இந்த ஒரு வகுத்தலால் பணத்தை விடுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு கட்டை 30 விநாடியில் எண்ணுவது பாதி வேலை. மிச்சப் பாதி தட்டைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை கட்டு விழுந்திருக்கிறது என்று சொல்வது. ஆறு கட்டு வாங்குங்கள். அரைக் கட்டு, ஒரு கட்டு, ஒன்றரை என்று அடுக்கி வையுங்கள். பல் தேய்க்கப் போகும்போது, டீ போடும்போது, வரும்போது போகும்போது பாருங்கள். அப்புறம் மனைவியை ஏதாவது ஒரு உயரத்துக்கு அடுக்கச் சொல்லி, நீங்கள் சொன்ன பிறகு எண்ணிச் சரிபாருங்கள். வகுத்ததில் பின்னம் வந்தால் கீழே இறக்குங்கள், 1.8 என்றால் 1 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பந்தயத்துக்கு வருவோம். நீங்கள் சொன்ன விதிகளில் எண்ணாமல் ஆடினால் கேசினோவுக்கு ஏறக்குறைய 0.6 சதவீதம் சாதகம். ட்ரூ கவுண்ட் ஒன்று ஏறினால் சுமார் அரை சதவீதம் நம் பக்கம் வரும். ஆக +1ல் கிட்டத்தட்ட சமம், +2ல் நமக்கு அரை சதவீதம், +3ல் ஒன்று, +4ல் ஒன்றரை, +5ல் இரண்டு. +1 வரைக்கும் ஒரு டாலர்கூட ஏற்ற வேண்டிய காரணமே இல்லை. ஷூவின் தொடக்கத்தில் ரன்னிங் +4 வந்தால் உங்கள் முறைப்படி 60 டாலர் வைப்பீர்கள், அந்த இடத்தில் ட்ரூ 1ஐக்கூடத் தொட்டிருக்காது.

எவ்வளவு வைப்பது என்பதற்கு 1956ல் பெல் ஆய்வகத்தில் இருந்த ஜான் கெல்லி ஒரு சூத்திரம் எழுதினார், கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தோர்ப் அதை பிளாக்ஜாக் மேஜைக்குக் கொண்டுவந்தார். சாதகத்தை, முடிவுகள் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதன் அளவால் (பிளாக்ஜாக்கில் அது சுமார் 1.3) வகுத்து, கைமுதலால் பெருக்க வேண்டும். உங்கள் 5,000க்கு ட்ரூ +2ல் 19 டாலர், +3ல் 38, +4ல் 58, +5ல் 77. இது உச்ச வரம்பு. அனுபவசாலிகள் பலர் இதில் பாதிதான் வைப்பார்கள். இதைப்போல் இரண்டு மடங்கு வைத்தால் நீண்ட காலத்தில் முதல் வளரவே வளராது, அதையும் தாண்டினால் சாதகம் நம் பக்கம் இருக்கும்போதே முதல் கரையும். நீங்கள் வைத்த 135, 19ஐப்போல் ஏழு மடங்கு.

சரி, அப்படியானால் 15லிருந்து 75 என்று குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். இங்கேதான் ஆரம்ப ஆட்டக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 100 கை ஆடினால் ஏறக்குறைய 75 கை ட்ரூ +1க்குக் கீழேதான் இருக்கும். அந்தக் கைகளில் சராசரியாக ஒரு சதவீதம் போகும். 75 கை, கைக்கு 15 டாலர், கிட்டத்தட்ட 11 டாலர் காத்திருப்புக் கூலி. +2ம் அதற்கு மேலும் வருவது 15 கைதான். அந்தப் பதினைந்தில் 20, 40, 60, 75 என்று ஏற்றி வைத்தால் சுமார் 8 டாலர் வரும். 11 கொடுத்து 8 வாங்குகிறீர்கள். ஒரு சீட்டுகூடத் தப்பாமல் எண்ணி, மெதுவாகத் தோற்பீர்கள்.

15லிருந்து 180 வரை, அதாவது 1க்கு 12 ஏற்றி, எண்ணிக்கை மோசமாக இறங்கினால் எழுந்து போய்விடவும் செய்தால் 100 கைக்குச் சராசரி 15 டாலர் மாதிரி லாபம் நிற்கும். ஆனால் அதே 100 கையில் மேலேயோ கீழேயோ 500 டாலர் ஆடுவது சகஜம். 50 மணி நேரம், மணிக்கு 70 கை என்று போட்டுப் பாருங்கள்: எதிர்பார்ப்பு 525 டாலர், மேலேயோ கீழேயோ ஆடுவது 3,000 டாலர். தப்பில்லாமல் ஆடியும் 50 மணி நேரம் கழித்து நஷ்டத்தில் இருக்க ஐந்தில் இரண்டு வாய்ப்பு. 5,000 டாலரோடு இந்த ஏற்றத்தில் உட்கார்ந்தால் முழுதும் போக வாய்ப்பு பாதியைத் தொடும், கொஞ்சம் தாண்டவும் செய்யும். அதை 5 சதவீதத்துக்குள் கொண்டுவர ஏறக்குறைய 25,000 வேண்டும்.

விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள். உங்கள் விரலுக்கு ஏற்ற பந்தயம் அந்த மேஜையை ஜெயிக்காது, அந்த மேஜையை ஜெயிக்கிற பந்தயத்தை உங்கள் விரல் தாங்காது. 150ஐ 120 ஆக்கலாமா 100 ஆக்கலாமா என்று யோசித்துப் பிரயோஜனமில்லை. ஒன்று கைமுதல் கூட வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் மாற வேண்டும்.

சுபா_எல்ஏ

பழைய_ஷூ அண்ணா போட்ட கணக்கு சரி, நானும் இரண்டு வருடம் முன்பு 6,000 டாலரோடு இதே இடத்தில்தான் நின்றேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்த 15லிருந்து 75 வரை ஏற்றம் தோற்பது உட்கார்ந்து எல்லாக் கையும் ஆடினால்தான். உட்காராமல், பின்னால் நின்று எண்ணி, ட்ரூ +2 வந்ததும் நுழைந்து, +1க்கு இறங்கினால் எழுந்துவிட்டால் அந்த 11 டாலர் காத்திருப்புக் கூலியே இல்லை. 8 டாலர் அப்படியே கையில் நிற்கும். முதல் முழுதும் போகிற வாய்ப்பும் 10 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதே பணம், அதே மேஜை, அதே தொகைகள்.

வருமானம் என்று பார்த்தால் மணிக்கு ஐந்தாறு டாலர்தான், அதைத் தெரிந்துகொண்டே போங்கள். நின்று நின்று கால் கடுக்கும். 40 நிமிடம் நின்று ஒரு கைகூட ஆடாமல் நகர்ந்த நாளெல்லாம் உண்டு. ஆனால் எனக்கு அது பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. பணம் வைக்காமல் நிற்கும்போது மனசு பதறாது, தட்டைப் பார்த்து வகுக்க நிதானம் கிடைக்கும். வகுப்பது எனக்குக் கைவந்தது அப்படித்தான்.

எல்லா மேஜையிலும் நடுவில் நுழைய விடமாட்டார்கள். ஷூவின் நடுவில் நுழையக் கூடாது என்று சின்னப் பலகை வைத்திருப்பார்கள், அந்த மேஜையை விட்டுவிடுங்கள். பிளாக்ஜாக்குக்கு 6க்கு 5 தருகிற மேஜை பக்கமே போகாதீர்கள். 15 டாலருக்கு 22.50 வர வேண்டிய இடத்தில் 18தான் தருவார்கள், 21 கைக்கு ஒரு தடவை பிளாக்ஜாக் வருகிறது, மொத்தத்தில் 1.4 சதவீதம் இதிலேயே போய்விடும். அதாவது கிட்டத்தட்ட மூன்று ட்ரூ கவுண்ட். விழுந்த சீட்டை உடனுக்குடன் உள்ளே விழுங்கி ஓயாமல் கலைக்கிற மெஷின் உள்ள மேஜையில் எண்ணுவதற்கே ஒன்றுமில்லை.

கார்த்தி_பீனிக்ஸ்

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வகுக்க வேண்டும் என்று படித்தது நினைவிருக்கிறது, வீட்டில் ஒரே கட்டில் பழகியதால் அது கைக்கு வரவே இல்லை. மேஜையில் எண்ணிக்கையைத் தக்கவைப்பதே பெரும்பாடாக இருந்தது, வகுத்தலை விட்டுவிட்டேன்.

இன்னொன்று கேட்கிறேன். மாதம் 600 டாலர் இதற்கென்று ஒதுக்க முடியும். அதைச் சேர்த்து முதலாகக் கணக்கில் எடுக்கலாமா? அப்புறம், 15லிருந்து திடீரென்று 75 போனால் பிட் பாஸ் (மேஜைகளைக் கண்காணிப்பவர்) கண்ணில் படாதா? போன தடவை 135 வைத்தபோது ஒருவர் வந்து டீலர் தோளுக்குப் பின்னால் நின்றார்.

முத்து_ரீனோ

கார்த்தி, மாதம் 600 பற்றி முதலில். அது உறுதியாக வரும் பணம் என்றால் கணக்கில் ஒரு பகுதியாக எடுப்பவர்கள் இருக்கிறார்கள், ஒரு வருடத்துக்கு 7,200. நான் எடுக்கமாட்டேன். வராத சம்பளத்தைப் பந்தயமாக வைப்பதுபோல்தான் எனக்குப் படுகிறது. கார் டயர் மாற்ற வேண்டி வரும், ஊருக்கு டிக்கெட் போட வேண்டி வரும், அந்த மாதம் 600 இருக்காது, ஆனால் பந்தயம் மட்டும் பழைய கணக்கில் போய்க்கொண்டிருக்கும். பணம் கைக்கு வந்த பிறகு கைமுதலோடு சேர்த்து, கெல்லி கணக்கைப் புதிதாகப் போடுங்கள். கைமுதல் 4,000க்கு இறங்கினால் பந்தயமும் இறங்க வேண்டும், அதையும் மறக்காதீர்கள். உங்களிடம் இப்போது 5,000 இல்லை, 1,400 போய்விட்டது, 3,600தான் இருக்கிறது. பழைய_ஷூ அண்ணா சொன்ன 19, 38, 58, 77 இப்போது 14, 28, 42, 55. ட்ரூ +2ல் மேஜையின் குறைந்தபட்சத்தைக்கூட உங்கள் முதல் தாங்கவில்லை. அதனால் சுபா சொன்னபடி நின்று ஆடினாலும் நீங்கள் நுழைய வேண்டியது +3லிருந்து.

பிட் பாஸ் விஷயம். நெவாடாவில் தலைக்குள் எண்ணுவது குற்றமில்லை, ஃபோனோ வேறு கருவியோ வைத்து எண்ணினால் அது குற்றம், அதில் விளையாடாதீர்கள். ஆனால் குற்றமில்லை என்றாலும் நெவாடாவில் காரணம் சொல்லாமல் உங்களை ஆட வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அட்லாண்டிக் சிட்டியில் கதை வேறு, சீட்டு எண்ணி ஆடிய கென் யூஸ்டன் தொடுத்த வழக்கில் 1982ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் எண்ணுகிறார் என்பதற்காக ஒருவரை வெளியேற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. அங்கே சீக்கிரம் கலைத்துவிடுவார்கள், அல்லது பந்தயத்துக்கு வரம்பு போடுவார்கள்.

எனக்கும் நடந்தது. லாஸ் வேகஸ் ஸ்ட்ரிப்பில் ஒரு கேசினோ, 25லிருந்து 300 வரை ஏற்றிக்கொண்டிருந்தேன், இரண்டரை மணி நேரமாக அதே நாற்காலியில். கோட் போட்ட ஒருவர் வந்து என் பந்தயத்தைக் கையால் வட்டத்துக்கு வெளியே நகர்த்திவிட்டு, வேறு எது வேண்டுமானாலும் ஆடுங்கள், பிளாக்ஜாக் மட்டும் வேண்டாம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். சரி என்று சிப்பை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வாக்குவாதம் செய்யவே கூடாது.

அதற்குப் பயந்து ஏற்றத்தைச் சுருக்குவதுதான் பெரிய நஷ்டம். 75 டாலரை அங்கே யாரும் பெரிதாக மதிப்பதில்லை. டீலருக்குப் பின்னால் வந்து நின்றவர் 405 டாலர் வெளியே இருந்ததைப் பார்த்திருப்பார், அது அவர் வேலை. ஒரு மேஜையில் 45 நிமிடம், ஒரு மணி நேரம், அதற்கு மேல் இருக்காதீர்கள். எண்ணிக்கை ஏறினால் ஒரே தாவலாகப் போகாமல், ஜெயித்த பந்தயத்தை அப்படியே விட்டு அடுத்த கைக்கு ஏற்றலாம், பார்ப்பதற்கு இயல்பாக இருக்கும். ஆனால் ட்ரூ +5ல் தோற்ற கைக்கு அடுத்தும் 55 வைக்கத்தான் வேண்டும். பார்க்கிறார்களே என்று 15 வைத்தால் இத்தனை நேரம் எண்ணியதற்கு அர்த்தமில்லை.

உங்கள் பதிவில் என்னை உறுத்திய வரி வேறு. கை நடுங்கியது, அடுத்த இரண்டு கை எண்ணவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பந்தயம் பெரிதாகிவிட்டது என்பதற்கு எந்தச் சூத்திரத்தையும்விட நல்ல அடையாளம் அதுதான். சீட்டை எண்ணி ஜெயிக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் தோர்ப், 1961ல் 10,000 டாலரோடு நெவாடா போனபோது அவரே சின்னப் பந்தயத்தில் கை பழகிய பிறகுதான் ஏற்றினார். பிரிக்கவும் டபுள் செய்யவும் வைத்த தொகையைப்போல் மூன்று நான்கு மடங்கு வெளியே போகும் என்பதை வைக்கும்போதே நினைத்துக்கொள்ளுங்கள். 55 வைத்தால் 220 வரை போகலாம். அந்த 220 போனாலும் அடுத்த சீட்டை எண்ண முடியுமா, முடியாதா? முடியாது என்று தோன்றினால் 40 வையுங்கள், கணக்கு எது சொன்னாலும்.

சுபா_எல்ஏ

முத்து அண்ணா சொன்னது சரி, 3,600 என்பதை நான் கவனிக்கவில்லை. +3லிருந்து நுழைந்தால் 100 கைக்கு எட்டு கைதான் கிடைக்கும். அலுப்பாக இருக்கும், கார்த்தி. ஒரு நல்லது, +3லிருந்துதான் இன்ஷூரன்ஸ் (டீலருக்கு பிளாக்ஜாக் இருக்கும் என்று வைக்கும் பக்கப் பந்தயம்) எடுப்பதும் லாபம், அதனால் அந்தக் குழப்பமே இல்லை. டீலருக்கு ஆஸ் வந்தால் எடுங்கள்.

கார்த்தி_பீனிக்ஸ்

இன்று காலை ஆறு கட்டு வாங்கிவிட்டேன். அரைக் கட்டு, ஒரு கட்டு என்று நாலு அடுக்கு போட்டு டிவி மேஜையில் வைத்திருக்கிறேன். மனைவி அடுக்கி நான் சொன்னதில் இருபதில் ஒன்பதுதான் சரியாக வந்தது, பெரும்பாலும் அரைக் கட்டு குறைத்துச் சொல்கிறேன்.

மூன்று மாதம் மேஜையில் உட்காரப் போவதில்லை. 600, 600 என்று சேர்த்தால் அதற்குள் 5,400 ஆகிவிடும். நடுவில் ஒரு தடவை மட்டும் போய், பணமே எடுத்துக்கொள்ளாமல், பின்னால் நின்று ட்ரூ கவுண்டும் எவ்வளவு வைத்திருப்பேன் என்பதும் மனசுக்குள் சொல்லிப் பார்க்கப் போகிறேன்.

பழைய_ஷூ

நல்லது. குறைத்துச் சொல்வது என்றால் தட்டில் விழுந்ததைக் குறைத்துச் சொல்கிறீர்கள், அப்படியானால் மிச்சத்தைக் கூட்டி வகுப்பீர்கள், ட்ரூ கவுண்ட் கம்மியாக வரும். இரண்டு தப்பில் இது பரவாயில்லாத தப்பு, பணம் அதிகமாக வெளியே போகாது. இருபதுக்குப் பதினேழு வரும்வரை விடாதீர்கள்.

நின்று பார்க்கப் போகிற அன்று இன்னொரு வேலையும் செய்யுங்கள். வெட்டுச் சீட்டு வெளியே வரும்போது தட்டைப் பாருங்கள். நாலரைக் கட்டு விழுந்திருக்கிறதா, நாலுதானா? டீலருக்கு டீலர் மாறும். நாலுதான் என்றால் அந்த மேஜையில் +4, +5 வருவது இன்னும் அபூர்வம், மேலே போட்ட கணக்கு எதுவும் அங்கே நிற்காது. எந்த டீலர் எவ்வளவு விடுகிறார் என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.